நீங்கள் பிடித்துக் கொடுத்த கை

கடைசிவரை பெயர் சொல்லிக் கூப்பிடாமல், "வாய்க்காரா" என்றே என்னைக் கூப்பிட்ட என் அத்தைக்கு,

உங்கள் மருமகன் எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது உங்களுக்கு ஒரு வரி எழுதியவன் இல்லை நான். ஒரே தோட்டத்து லய வீடுகள்தான், நீங்கள் மேல் லயத்தில், நாங்கள் கீழ் லயத்தில். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வாசலில் நின்று கத்தினால் போதும். இப்போது நீங்கள் இருக்கிற இடத்துக்கு என் சத்தம் எட்டாது. எட்டினாலும் கத்திச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

முதலில் நல்ல சேதி. உங்கள் பேத்தி தர்ஷினிக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவு. ஏசி போட்ட அறையாம், ஸ்வெட்டர் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்களாம். இந்தக் குளிர் நோர்வூட்டில் பிறந்தவள் வேர்க்கிற கொழும்புக்கு ஸ்வெட்டர் கட்டிக்கொண்டு போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிகிறேன். உங்கள் மகள் புஷ்பம் இன்னும் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறாள். நான் அதே ஆட்டோதான். பிரேக் மட்டும் புதுசு.

இனிக் கெட்ட சேதி. அதைச் செய்தவன் நான்.

போன சீசனில் கொழும்புச் சோடி ஒன்று என் ஆட்டோவில் ஏறியது. கூடவே கழுத்தில் இரண்டு கெமரா மாட்டிய ஒருத்தர். தங்களைப் போட்டோ எடுப்பதற்கென்றே அவரைப் பதிவு செய்து கூட்டி வந்திருக்கிறார்கள். தேயிலைக்கு நடுவில் நின்று எடுக்க வேண்டுமாம். நம்ம தோட்டத்து வளைவில் கொண்டுபோய் இறக்கினேன். அன்றைக்கு அந்த மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தது புஷ்பத்தின் கூட்டம்.

அந்த ஆள் சோடியை எடுத்து முடித்துவிட்டுப் புஷ்பத்துக்கிட்டே போனார். "அக்கா, மொகம் வேணாம். கைய மட்டும் காட்டுங்க" என்றார். கொழுந்தைக் கிள்ளுகிற கையைக் கிட்டப் போய் எடுத்தார். பிறகு என்னிடம் வந்து, "பாருங்க அண்ணே, என்ன மாதிரி கை" என்று கெமராவைக் காட்டினார். நானும் "நல்லாருக்கு சேர்" என்று தலையாட்டினேன். அது என் பெண்சாதியின் கை என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியாது அத்தை. தெரியும், ஆனால் அதை உங்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அன்று பின்னேரம் புஷ்பம் வீட்டுக்கு வந்து, "என்னா டிரைவர் தொரை, மலையில நம்மள அடையாளம் தெரியலையோ?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்தேன். அதோடு போயிற்று என்று நினைத்தேன்.

எனக்கு அந்த யோசனை வந்தது அதற்குப் பிறகுதான். அவர்கள் நம்ம ஊருக்கு வந்து நம்ம மலையில் நின்று எடுக்கிறார்கள். நாம் அவர்கள் ஊருக்குப் போய் அவர்கள் கடலில் நின்று எடுத்தால் என்ன? பிள்ளை வேலைக்குப் போவதற்கு முன்னால் மூன்று பேருமாகக் கொழும்பில் இரண்டொரு நாள் தங்கிச் சுற்றிப் பார்த்து, அப்படியே ஒரு போட்டோக்காரரையும் பதிவு செய்துவிடுவோம். தர்ஷினி போனில் தேடி ரிஸ்வான் என்ற ஒருவரைப் பிடித்தாள். காலிமுகத்திடல் கடற்கரையில் வெயில் தாழ்ந்த பிறகு ஒரு மணித்தியாலம், நமக்கு மட்டும் என்று பேச்சு.

ஆட்டோ தரிப்பிடத்தில் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியுமா?

"எதுக்குண்ணே கொழும்புக்குப் போயி போட்டோ? மந்திரியாகப் போறியா?" என்றான் ஒருத்தன்.

"மந்திரிக்கு எடுக்குறவரு நமக்குச் சரிவர மாட்டாருடா. இவரு அதுக்கும் மேல" என்றேன்.

அத்தை, எனக்குத் தெரிந்த போட்டோ ஹட்டன் டவுன் ஸ்டூடியோவில் எடுக்கிற போட்டோதான். பின்னால் ஏரி வரைந்த திரை, உட்கார ஒரு ஸ்டூல், கண்ணாடிக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டின சீப்பு. அதை நினைத்து ஒரு பவுடர் டின்னும், பக்கத்துக் காம்பரா வீட்டுத் தம்பியின் கல்யாணக் கோட்டும் கொண்டுபோனேன். கடற்கரையில் கோட்டோடு இறங்கியபோது வியர்வையும் பவுடரும் சேர்ந்து முகத்தில் களியாகிவிட்டது. ரிஸ்வான் நல்ல மனுஷர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அங்கிள், கோட்டக் கழட்டிருவமா? வெள்ளச் சேட்டு நல்லா எடுக்கும்" என்றார்.

அதற்கு முன்னால், அன்று காலையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் நாங்கள் தங்கிய அறையில் புஷ்பம் பிள்ளையிடம் எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னாள். நான் குடிக்கக் கரைப்பதற்குத்தான் என்று நினைத்தேன். அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வந்தபோது இரண்டு கையும் சிவந்திருந்தன. கொழுந்துக் கறையை எடுக்கப் பழத்தோலால் தேய்த்திருக்கிறாள். வெடிப்புக்குள்ளெல்லாம் சாறு இறங்கியிருக்கும்.

"எரியுதா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள்.

கறை போகவில்லை. எத்தனை வருஷத்துக் கறை, ஒரு காலையில் போகுமா? "அது கெடந்துட்டுப் போகுது புள்ள, வா" என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். நான் கோட்டுக்குப் பொத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கடற்கரையில் முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நடந்து வாங்க என்றார், நடந்தோம். சிரிங்க என்றார், அதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? "அங்கிள், ஆன்ட்டி கையப் புடிங்க" என்றபோதுதான் மாட்டிக்கொண்டேன். ஹட்டனில் ரோட்டைக் கடக்கும்போது பிடித்ததைத் தவிர வெளியிடத்தில் நான் அவள் கையைப் பிடித்ததில்லை. தர்ஷினி, "அப்பா, பஸ் கம்பிய புடிக்கிற மாதிரி புடிக்காதீங்க" என்றாள். புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து ரிஸ்வான், "ஆன்ட்டி, கைய அங்கிள்ட நெஞ்சில வைங்க" என்றார். வைத்தாள். எடுத்துவிட்டு, எப்படி வந்திருக்கிறது என்று கெமராவை என்னிடம் காட்டினார்.

வெள்ளைச் சட்டை மேல் அந்தக் கை. விரல் நுனியெல்லாம் கறுப்பு, நகத்தைச் சுற்றிக் கறுப்பு, வெடித்த கோடுகளில் கறுப்பு. அதே கைதான் அத்தை. தினமும் எனக்குச் சோறு போடுகிற கை. ஆனால் அன்றைக்கு எங்களைச் சுற்றிக் கொழும்பு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஊருக்குப் போய் இதை ஆட்டோக்காரர்களுக்குக் காட்ட வேண்டும், பிள்ளை தன் கம்பனியில் காட்டுவாள் என்றெல்லாம் எனக்குள் ஓடியது.

ரிஸ்வானைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனேன்.

"தம்பி, இந்தக் கைய கொஞ்சம் வெள்ளையாக்கிடலாமா? பொறகு கம்பியூட்டர்ல போடும்போது."

"ஏன் அங்கிள்? கை நல்லாத்தானே இருக்கு."

"அது தேயிலக் கறை தம்பி, போகாது. ஏலாதுன்னா கைய விட்டுட்டு மேல மட்டும் எடுங்க."

 "நீங்க சொன்னா செய்யலாம் அங்கிள்" என்றார்.

கடற்காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மலைக்காரனுக்கு எப்படித் தெரியும்? நான் பேசினது எல்லாம் அவர்கள் நின்ற பக்கமே போய்விட்டது. திரும்பிப் பார்த்தபோது புஷ்பம் இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள். அதற்குப் பிறகு எடுத்த ஒரு படத்திலும் அவளுக்குக் கை இல்லை. பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தாள். 

திரும்பி வரும் ரயிலில், வட்டவளை தாண்டிக் குளிர் ஏறியதும் புஷ்பம் வாயைத் திறந்தாள். கோபமில்லை. யாரோ பக்கத்துக் காம்பராக் கதையைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"மலைக்கு வர்ற ஆளுங்க மொகம் வேணாம், கைய மட்டும் காட்டுங்கிறாங்க. நீங்க கை வேணாம், மொகத்த மட்டும் எடுங்கிறீங்க. என்னைய முழுசா எடுக்க ஆளே இல்லையா?"

வாய்க்காரன் வாயை மூடிக்கொண்டு ஹட்டன்வரை வந்தேன் அத்தை. தர்ஷினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படங்கள் வந்தன. ரிஸ்வான் சொன்னபடியே செய்திருந்தார். பெரிதாக ஒன்றைப் பிள்ளை சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். என் நெஞ்சில் இருந்தது மெழுகில் செய்த மாதிரி ஒரு கை. கறையும் இல்லை, வெடிப்பும் இல்லை. சின்ன வயதில் விறகு வெட்டும்போது ஆள்காட்டி விரலில் பட்ட தழும்புகூட இல்லை. புஷ்பம் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மொகம் நம்மளுது. கை யாருது?" என்றாள். சொல்லிவிட்டு அண்ணாந்து சுவரில் இருக்கிற உங்கள் படத்தைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன். நீங்கள் போன அன்று வீட்டில் உங்கள் முகம் முழுசாகத் தெரிகிற படம் என்று இருந்தது அடையாள அட்டையில் உள்ளது ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அவர்கள் முகத்தை மட்டும் வெட்டி, சிவப்புப் பட்டுச் சேலையும் சங்கிலியும் போட்டிருந்த ஒரு உடம்பில் ஒட்டிக் கொடுத்தார்கள். எல்லாரும் செய்கிறதுதான், எல்லா லயத்திலும் அப்படித்தான் தொங்குகிறது. கருமாதிக்கு வந்தவர்களெல்லாம், "ஆத்தா மகாராணி மாதிரி இருக்காங்க" என்றார்கள். நான் தலை நிமிர்ந்து நின்றேன். புஷ்பம் மட்டும், "மொகமாவது அம்மாவுது" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட மடையன் நான்.

இப்போது வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். தேத்தண்ணி கொடுத்தால் என் கையில் தருவதில்லை. ஸ்டூலில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறாள். நான் உள்ளே வந்தால் முந்தானை தானாக இறங்கிக் கையை மூடுகிறது. சண்டையும் இல்லை, அழுகையும் இல்லை. இத்தனை வருஷம் வாழ்ந்த வீட்டில், என் பெண்சாதி என் கண்ணிலிருந்து தன் கையை ஒளிக்கிறாள். இதற்கு நான் யாரிடம் போய் நிற்பது? உங்களிடம்தான். அந்தக் கையை எனக்குக் கொடுத்தது நீங்கள்தானே.

எங்கள் கல்யாணம் ஞாபகமிருக்கிறதா? மாமா இல்லாததால் பெண்ணைக் கைபிடித்துக் கொடுக்கப் புஷ்பத்தின் சித்தப்பாவைத் தேடினார்கள். அவர் பந்தலுக்குப் பின்னால் வேறு காரியமாகப் போயிருந்தார், என்ன காரியம் என்று எல்லாருக்கும் தெரியும். நீங்கள் பார்த்தீர்கள். சரசரவென்று வந்து அவள் கையை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினீர்கள். "இந்தா புடி வாய்க்காரா. கறை ஒட்டாது, பயப்படாத" என்றீர்கள். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். உங்கள் கையும் அவள் கையும் என் கையும் ஒன்றன்மேல் ஒன்று. அன்றைக்கு எந்தக் கை கறுப்பு என்று நான் பார்க்கவில்லையே. எப்போதிருந்து அத்தை நான் பார்க்கத் தொடங்கினேன்?

நேற்றுப் பின்னேரம் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவு பிசைகிற கையை முந்தானைக்குள் ஒளிக்க முடியாது. அந்த நேரம் பார்த்து அடுப்படியில் நின்று ரிஸ்வானுக்குப் போன் போட்டேன். அவர் பேசுவது அவளுக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"தம்பி, அந்தக் கைப் படம், எடுத்தபடியே இருக்கா?"

"வெள்ளையாக்காததா அங்கிள்? இருக்கு. அழிக்க மனசு வரல்ல."

"அத அனுப்புங்க. ஒண்ணும் தொட வேணாம். அது என் பெண்சாதி கை."

மலையில் அந்தக் கெமராக்காரரிடம் சொல்லாமல் விட்ட வார்த்தை. ஒரு சீசன் கழித்து, வேறொரு ஆளிடம் சொல்கிறேன். என் புத்தியின் வேகம் அவ்வளவுதான்.

புஷ்பம் தலையைத் தூக்கவில்லை. "கத்தாதீங்க. பக்கத்து காம்பராவுக்குக் கேக்குது" என்றாள்.

"கேக்கட்டும்" என்றேன்.

ரொட்டியைச் சுட்டாள். தட்டை ஸ்டூலில்தான் வைத்தாள். ஆனால் கையை இழுக்க நேற்றுக் கொஞ்சம் நேரமெடுத்தாள். எனக்கு அப்படித் தோன்றியதா, உண்மையாகவே அப்படியா, சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. தர்ஷினியின் சடங்குப் படங்களைப் பிள்ளை தேடி எடுத்தாள். அதில் ஒன்றில் ஓரமாக நீங்கள் நிற்கிறீர்கள். உங்கள் நீலச் சேலைதான். வெயிலுக்கு நெற்றியில் கை வைத்து யாரையோ பார்க்கிறீர்கள், அநேகமாக என்னைத் திட்டுவதற்குத் தேடுகிறீர்கள். கை முகத்தை மறைக்கிறது, சடங்கு ஆல்பத்துக்குச் சரிவராது என்று ஹட்டனில் தள்ளிவைத்த படம் அது.

உங்கள் திதிக்கு முன்னால் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைக்கிறேன் அத்தை. பட்டுச்சேலை மகாராணியைக் கழற்றிவிடுகிறேன், அவர் யார் வீட்டு அம்மாவோ. உங்கள் முகம் பாதிதான் தெரியும். கை முழுசாகத் தெரியும், கறையோடு. பக்கத்திலேயே உங்கள் மகளின் கையும் என் வெள்ளைச் சட்டையும் இருக்கும். வருகிறவர்கள் கேட்டால் யார் கை என்று நானே சொல்வேன். இந்த ஒரு விஷயத்திலாவது இந்த வாய் உதவட்டும்.

அவள் மறுபடி என் கையில் தேத்தண்ணிக் கோப்பையைத் தருகிற நாளில், உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நின்று சொல்லிவிட்டுப் போகிறேன். அதுவரை என்னை முறைத்துக்கொண்டே இருங்கள்.

உங்கள் கையிலிருந்து கை வாங்கிய,
அண்ணன் மகனும் மருமகனுமான
வாய்க்காரன்.