விடைபெற்ற பிறகு பேசுகிறவர்

கெர்மான்,
பஹ்மன் மாதக் கடைசி

என் கண்ணே கேய்வான்,

நீ சுகமாக இருக்கிறாயா, அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று நினைத்தபடியே எழுதுகிறேன். இறைவன் புண்ணியத்தில் நான் சுகம், முழங்காலை மட்டும் கேட்காதே. உன் அப்பாவும் சுகம் என்று எழுதப் பேனா தானாக ஓடியது, பிடித்து நிறுத்திவிட்டேன். அவர் இப்போதுதான் தேறிக்கொண்டு வருகிறார். நடுவில் நன்றாக இல்லை. நீ போன் செய்யும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நான் எதைச் சொல்ல? எதிர்வீட்டுப் பெண் படிப்புக்காக உன் ஊருக்கே வருகிறாள், பிஸ்தாவும் பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட கொலும்பே பலகாரமும் அவளிடம் கொடுத்திருக்கிறேன், அதற்கு நடுவில் இந்தக் கடிதத்தையும் செருகிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பிஸ்தாவை முதலில் தின்றுவிட்டு இதைப் படி, சில இடங்களில் உன்னைத் திட்டியிருக்கிறேன்.

போன வருஷம் அவர் அபினை விட்டது உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் பந்தர் அப்பாஸ் சாலையில் பஸ் ஓட்டியவர், முதுகு வலிக்கு என்று ஆரம்பித்து, அப்புறம் முதுகு வலி இல்லாமலே தொடர்ந்தவர், அபின் புகைக்கிற கணப்பையும் குழாயையும் தன் கையாலேயே தூக்கி எறிந்துவிட்டுச் சிகிச்சை நிலையத்துக்குப் போய், அபினுக்குப் பதிலாகக் கொடுக்கிற மெதடோன் சிரப் வாங்க ஆரம்பித்தார். கல்யாண வீட்டில் விருந்தாளிக்குத் தேநீரோடு அபினையும் நீட்டுகிற ஊர் இது, இங்கே ஒரு மனிதன் வேண்டாம் என்று கையை எடுப்பது சின்ன விஷயமா? எனக்கு அப்போது தலை நிமிர்ந்தது. ஆனால் அபின் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்காருவார், வெளியே எதையும் பார்க்க மாட்டார். சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போட மாட்டார். நான் வேண்டுமென்றே ஒருநாள் உப்பே போடாமல் ஆஷ் கஞ்சி வைத்தேன், முழுக் கிண்ணத்தையும் குடித்துவிட்டு உன் கைக்கு நோவு வராமல் இருக்கட்டும் என்று நன்றி சொன்னார். எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

உன் நுஸ்ரத் அத்தைக்கு இதெல்லாம் புரியவில்லை. விட வேண்டியதை விட்டாச்சு, இன்னும் என்ன மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறான், நன்றி கெட்டவன் என்றாள். மனசுக்கு டாக்டர் பார்ப்பதெல்லாம் பைத்தியங்களுக்கு என்றும் சொன்னாள். அப்படியென்றால் முதலில் உன்னைத்தான் கூட்டிப்போக வேண்டும் என்றேன், ஒரு வாரம் பேசவில்லை, வீடு அமைதியாக இருந்தது. சிகிச்சை நிலையத்தில் சொன்னது வேறு. சிரப் உடம்பின் தவிப்பைப் பிடித்து நிறுத்தும், மனசின் இருட்டுக்குத் தனியாக வைத்தியம் வேண்டும், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மனிதன் நிலைப்பான் என்றார்கள். அங்கே மொஹ்தஷமி என்று ஒரு மனநல மருத்துவ ஆலோசகர், டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், உன் வயதுதான் இருக்கும். வியாழக்கிழமைதோறும் அவரிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டும். கம்பளம் விரித்த அறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நான் வெளியே பெஞ்சில் பிளாஸ்கோடு இருப்பேன்.

இப்போது உன் அப்பாவின் பேச்சை நீயே நினைத்துப் பார். வீட்டுக்கு வந்தவரிடமும் போன இடத்திலும் கஷ்டத்தைச் சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர். டாக்டரம்மா தூக்கம் எப்படி என்று கேட்டால் உங்க தயவுல நல்லாத் தூங்குறேன் என்பார். மனசு எப்படி என்றால் நான் உங்க கால்தூசி, என் மனசுக்கென்ன குறைச்சல் என்பார். அவரிடமே திருப்பி உங்கள் அப்பா சுகமா, அம்மா சுகமா என்று விசாரிப்பார். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்கும், பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். இப்படியே வாரங்கள் போயின. கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்து என்னிடம், ஐயா நன்றாகத் தேறிவிட்டார், வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள், அடுத்த வாரத்தோடு முடித்துக்கொள்ளலாமா என்றார். இல்லை அம்மா, இவர் வீட்டில் பிணம் மாதிரி இருக்கிறார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்ததோ, ஆமாம் டாக்டரம்மா, எல்லாம் உங்கள் புண்ணியம். கேட்டாயா? இந்த ஊரில் பிறந்தவளுடைய நாக்கு அப்படி.

சரி என்று அன்றைக்கு விடைபெற்றோம். எப்படி விடைபெறுவோம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணும் கெர்மான்காரிதான், வழியனுப்ப வாசல்வரை வந்தார். நாங்கள் அவர் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கச் சொன்னோம், அவர் எங்களைச் சரியாக உபசரிக்காததற்கு மன்னிக்கச் சொன்னார், வீட்டுக்கு வாருங்கள் என்றோம், வருகிறேன் என்றார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். உன் அப்பா ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டார், மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே நின்றார்.

"டாக்டரம்மா, பெருசா ஒண்ணுமில்ல. காலைல கண்ணு முழிச்சா, ஏன்டா முழிச்சோம்னு இருக்கு. பையன் சொன்னான்னு மருந்தையும் பாதியாக் குறைச்சுட்டேன். பழைய சிநேகிதன் ஒருத்தன் கணப்புக்கிட்ட வந்து உட்காருடான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். போகக் கூடாதுன்னு தெரியுது. போயிருவேன்னும் தெரியுது."

டாக்டரம்மாவின் கெட்டிக்காரத்தனத்தைப் பார், அவர் ஐயோ என்று பதறி உள்ளே வாருங்கள் என்று கூப்பிடவில்லை. உள்ளே கூப்பிட்டிருந்தால் உன் அப்பா மறுபடி கால்தூசி ஆகியிருப்பார். டாக்டரம்மா தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கதவில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"இன்னொரு செருப்பையும் மெதுவா மாட்டுங்கய்யா. அவசரமே இல்ல" என்றார்.

அந்த ஒரு செருப்பை மாட்ட உன் அப்பாவுக்கு ஒரு மணி நேரம் ஆனது. நான் நடைபாதைக் கோடிக்குப் போய் நின்று அழுதேன், பிளாஸ்க் தேநீர் முழுவதையும் அடுத்துக் காத்திருந்தவருக்கே ஊற்றிக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கே பெரிய டாக்டரிடம் கூட்டிப்போய் மருந்தைப் பழைய அளவுக்கே ஏற்றினார்கள். இப்போதெல்லாம் டாக்டரம்மா வியாழக்கிழமை முதல் வேலையாக அவருக்கு விடைகொடுத்துவிடுகிறார், அப்புறம்தான் இருவரும் வாசலில் நின்று பேச ஆரம்பிக்கிறார்கள். சின்னச் சின்ன வேலை கொடுத்து அனுப்புகிறார். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள், செய்யுங்கள், மனசு பின்னாலேயே வரும் என்கிறார். ரொட்டி வாங்க இவரேதான் போக வேண்டும். எதிர்வீட்டு எண்ணெய் அடுப்பைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும். நான் எதற்கும் உதவாதவன் என்று நினைப்பு வந்தால், அதை உங்களோடு பஸ் ஓட்டிய ஒரு டிரைவர் வந்து சொன்னால் அவனுக்கு என்ன பதில் சொல்வீர்கள், அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள் என்கிறார். அந்த டிரைவருக்கு இவர் சொல்கிற பதிலை இங்கே எழுத முடியாது, கெட்ட வார்த்தை நிறைய, ஆனால் அன்பான பதில்தான். சிநேகிதனிடம் இனிமேல் கூப்பிடாதே என்று வாசலில் நின்றே சொல்லி அனுப்பிவிட்டார். நேற்றைக்குச் சோற்றில் உப்பு தூக்கல் என்று கத்தினார் கேய்வான். நான் அடுப்படியில் போய் இறைவனுக்கு நன்றி சொன்னேன்.

இப்போது திட்டு. யல்தா பண்டிகை இரவில் போன் செய்து, எத்தனை நாள் அந்தச் சிரப்பைக் குடிப்பீர்கள், பாட்டில்தான் வேறு, சரக்கு ஒன்றுதான் என்று சொன்னாயாம். அப்பாவின் நன்மைக்குத்தான் சொன்னாய், தெரியும். உன் பேச்சை அவர் தட்டவே மாட்டார், அதுதான் ஆபத்து. அங்கிருந்துகொண்டு வைத்தியம் பார்க்காதே. குறைப்பதா நிறுத்துவதா என்பதை அவரும் டாக்டர்களும் பார்த்துக்கொள்வார்கள், அவர் எழுந்து நிற்பார், நான் சொல்கிறேன். இன்னொன்று, நீ அந்த ஊர்க்காரர்கள் மாதிரி, சரிப்பா வைக்கிறேன் என்றதும் வைத்துவிடுகிறாய். அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார். விடைபெற்ற பிறகு கொஞ்ச நேரம் இரு ராசா. அவருடைய பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். நவ்ரூஸ் புத்தாண்டுக்கு வரட்டுமா என்று நீ கேட்டாய், வேலையை விட்டுவிட்டு எதற்கு, நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம் என்றார், நீயும் சரி என்றுவிட்டாய். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை, அது உங்கள் இருவர் விஷயம்.

உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் கிடைக்கட்டும், உன் கை தொட்டது துலங்கட்டும், என் வயதையும் சேர்த்து நீ வாழ வேண்டும். கொலும்பேயை டப்பாவில் மூடி வை, காய்ந்துவிடும். காதை மூடிக்கொள்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அம்மா மாஹ்தலத்

கேய்வான், இது அப்பா. அம்மா உறையை ஒட்டப் பசை எடுக்கப் போயிருக்கிறாள். எல்லாம் அவள் எழுதியிருப்பாள், அவள் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவாள், நீ கவலைப்படாதே, உன் வேலையைப் பார், என்னால் உனக்கு எந்தத் தொந்தரவும் வேண்டாம். பெரியதாக ஒன்றுமில்லை. நவ்ரூஸுக்கு வர வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா. வா.