பதினாலு பேரில் அண்ணா

உப்புக்குளம்,
மன்னார்.
03.08.2011

என் அன்பு மகள் கிறிஸ்ரினாவுக்கு,

மடு மாதாவின் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். நீயும் மருமகனும் வருத்தம் துன்பம் இல்லாமல் இருக்க மன்றாடுகிறேன். நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை பிள்ளை. அடம்பனில் எங்கள் வீட்டுக்குக் கூரைத் தகரம் இன்னும் கிடைக்கவில்லை, அதனால் முகாமில் எங்களோடு இருந்த றஞ்சிதம் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறேன், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் கதைத்து இன்றைக்கு ஒன்பது நாள். போனில் சொன்னால் அழுகைதான் வரும், அதுதான் எழுதுகிறேன், ஆறுதலாய் வாசி.

வருகிற பதினைந்தாம் திகதி கச்சேரியில், அதுதான் அரசாங்கக் கந்தோரில், காணாமற்போனவர்களின் விபரம் எடுக்கிறார்கள், ஆளின் படமும் கொண்டுவர வேண்டுமாம். உன் அண்ணாவின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. படங்கள் இருந்த பெட்டி வன்னியில் எரிந்தது. சண்டை முடிந்தபோது பதிந்துவிட்டு விடுவோம் என்று ஆமி ஏற்றின பஸ்ஸில், அடையாள அட்டையும் அவன் சேட்டுப் பொக்கற்றோடு போனது. நீயும் ஏஜென்சிக்காரன் சொன்னான் என்று எல்லாப் படத்தையும் கிழித்தெறிந்துவிட்டுத்தான் விமானம் ஏறினாய், உன்னைக் குறை சொல்லவில்லை. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்தபோது சினிமாக்காரர் வந்தார்களே, மெட்ராஸ் குடும்பம் ஒன்று விடுமுறைக்கு வள்ளத்தில் போய்த் தீவொன்றில் மாட்டுப்படுகிற பகிடிப் படம், அந்த சிடி இங்கே கடையில் கிடைத்தது.

அன்றைக்கு லொறியில் வந்து கறுத்த, மெலிந்த ஆம்பிளைகளாய்ப் பார்த்துப் பொறுக்கினார்கள். இவங்களுக்கு மேக்கப்பே வேணாம்யா என்று ஒருத்தன் சொன்னான், சொல்லிவிட்டு அதற்கு மேலும் கரி பூசினார்கள். அண்ணாவோடு றஞ்சிதத்தின் மனுசன் லோறன்ஸும் போனான். பதினாலு பேர், இடுப்பில் இலைகுழை, கையில் ஈட்டி, ஊ ஊ என்று கத்திக்கொண்டு அந்தக் குடும்பத்தின் கொழுத்த மாமாவைப் பானையில் போட்டு அவிக்க வேண்டும். இந்தப் படங்களில் உல்லாசமாய்ச் சுற்றப் போகிறவர்களெல்லாம் வெள்ளை வெளேரென்று இருப்பார்கள், எங்கள் நிறத்தில் ஒருவன் வந்தால் பெட்டி தூக்குவான், இல்லாவிட்டால் ஆளைத் தின்பான். அப்போது எனக்கு இது ஒன்றும் உறைக்கவில்லை. முகாமில் திரை கட்டிக் காட்டினபோது எல்லாரையும் விடச் சத்தமாய்ச் சிரித்தது நான்தான். அண்ணா எழும்பிப் போய்விட்டான், சாப்பிடவும் வரவில்லை.

எப்படியென்றாலும் அவன் முகம் இருக்குமே என்றுதான் போட்டுப் பார்த்தோம். பதினாலும் ஒரே முகம். கரிக்கு மேலே வெள்ளைக் கோடு, கண்ணும் பல்லும்தான் தெரிகிறது. வள்ளத்தைத் துரத்தும்போது ஒருவன் தண்ணீரில் விழுந்து எழும்புகிறான், கரி கொஞ்சம் கழுவுப்பட்டு ஒரு கணம் எங்கள் பக்கம் திரும்புகிறான். என்ரை பிள்ளை என்று கத்தினேன். ஐயோ அக்கா, அது என்ரை மனுசன் எல்லோ, அவரின்ரை தோளை எனக்குத் தெரியாதோ என்றாள் றஞ்சிதம். லோறன்ஸும் அதே பஸ்ஸில் போனவன்தானே, அவளிடமும் படம் இல்லை. அவள் வீட்டில் இருந்துகொண்டே அவளைக் கள்ளி என்று சொல்லிவிட்டேன்.

இருபது தரம் பார்த்துவிட்டேன். ஒருநேரம் அண்ணா மாதிரி, ஒருநேரம் லோறன்ஸ் மாதிரி. அன்றைக்கு அவர்கள் தந்த கரியை அண்ணாவின் முதுகுக்குப் பூசி, வெள்ளைக் கோடு கீறினது நீதானே. சாமியாரின் தங்கச்சி நாளைக்குப் பாரிசுக்கு வெளிக்கிடுகிறா, இந்தக் கடிதத்தோடு சிடியும் அவவிடம் கொடுத்துவிடுகிறேன். முகத்தைப் பார்க்காதே, முதுகைப் பார். நீ கீறின கோடா என்று பார்த்து, பதினைந்துக்கு முதல் போன் எடு. என்னைத் தேற்றப் பொய் சொல்லாதே. லோறன்ஸ் என்றால் லோறன்ஸ் என்று சொல்லு, றஞ்சிதத்தின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு கச்சேரிக்குப் போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. மடு மாதா உங்கள் இரண்டு பேரையும் தன் சீலைக்குள் பொத்திக் காப்பாளாக. இந்தக் கடிதத்தை மருமகனுக்கு வாசித்துக் காட்டாதே. பெற்ற பிள்ளை எது என்று தாய்க்கே மட்டுப்பிடிக்க முடியவில்லை என்று ஒருவருக்கும் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
புஸ்பம்