பள்ளிவாசலில் நின்ற புள்ளி

வில்லியனூர்

அன்பு மகன் முபாரக்குக்கு, அம்மா ரசியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் சொன்னால் ஸாரிம்மா ஸாரிம்மா என்று என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

உன் அத்தாவுக்கு மறதி வந்த பிறகு ஒரு வாட்ச் அனுப்பினாயே, அவர் எங்கே போனாலும் உன் செல்போனில் புள்ளியாகத் தெரியும் என்று, அதை நம்பித்தான் தினமும் அவர் கையில் கட்டிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் போனவர் திரும்பவில்லை என்று பதறி உனக்குப் போன் போட்டேன். நீ பார்த்துவிட்டு, பள்ளிவாசல்லதாம்மா இருக்காரு, புள்ளி அசையவே இல்ல, கம்முனு இரு என்றாய். முப்பது கோடி கிலோமீட்டர் தள்ளிப் பறக்கிற விண்கலம் எங்கே இருக்கிறது என்று கணக்காகச் சொல்கிற பிள்ளை, தெருக்கோடிப் பள்ளிவாசலையா தப்பாகச் சொல்வான் என்று நானும் கம்மென்று இருந்தேன். அத்தா நாற்பது வருஷமாகத் தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளு செய்யும்போது வாட்சைக் கழற்றி வைக்கிறவர், உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அன்றைக்கு இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வாட்ச் தண்ணீர்த் தொட்டி மேலேயே இருந்தது, மனிதர் ஒதியம்பட்டுக்கு நடந்துவிட்டார். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடித்த பிறகு உரக்கடை பலராமன் வண்டியில் வந்து, இன்னா ரசியாம்மா, பாய் வாய்க்கா ஓரமா வுழுந்து கெடக்குறாரு, நீங்க வூட்டுல குந்திக்கினு இருக்கீங்களே என்று கத்தினார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எங்கே போனீர்கள் என்று கேட்டால், முபாரக்கை டியூஷனில் இருந்து கூட்டிவரப் போனேன் என்கிறார்.

முந்தாநாள் உன்னை வரச் சொன்னேன். கலத்தின் பாதையை இந்த மாதம் திருத்தியாக வேண்டும், நகர முடியாது என்றாய். ஆரம்பத்திலேயே ஒரு நூல் திருப்பினால் போதும், விட்டுவிட்டால் இருக்கிற எரிபொருள் முழுக்க எரித்தாலும் திருப்ப முடியாது என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். உன் விஷயத்தில் நான்தான் விட்டுவிட்டேன், நீ ஊரை விட்டுக் கிளம்பி ஆறு வருஷம் ஆகிறது. பக்கத்து நட்சத்திரத்துக்கே இன்றைய வேகத்தில் எழுபதாயிரம் வருஷம் ஆகும், கிளம்புகிறவன் போய்ச் சேரமாட்டான், அவன் வழியில் பிறக்கிறவர்கள்தான் என்றைக்காவது இறங்குவார்கள் என்றும் ஒருநாள் சொன்னாய். அவன் விட்டுவிட்டுப் போன அப்பன் ஆத்தாவை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் பெயர் அவருக்கு மறந்துவிட்டது, யாரம்மா நீ என்று கேட்கிறார். உன் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது, அது எத்தனை நாளைக்கு என்று எந்தக் கணக்குப் போட்டும் உன்னால் சொல்ல முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். படுத்துக் கிடக்கிறவருக்கு வாட்ச் எதற்கு, இதே பார்சலில் வைத்திருக்கிறேன். நீ கட்டிக்கொள். பலராமன் மகள் ஜெயசித்ரா அந்தப் புள்ளி என் செல்போனில் தெரிகிற மாதிரி செய்து கொடுத்திருக்கிறாள். அது இந்தப் பக்கம் நகர்கிறதா என்று இனி நான் பார்க்கிறேன். ஒளு செய்யும்போது மறந்துகூடக் கழற்றி வைக்காதே.

உன் அம்மா,
ரசியா