அப்பா வாங்கிய பச்சை பாட்டில்

ஃப்ரூட்டா,
ஜூலை 6.

அன்பு மகள் கொரினுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே வீடு, தோட்டம், நாய் மூன்றும் சுகம். உன் அப்பாவும் சுகம்தான், மூக்கின் தோல் மட்டும் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை, அந்தக் கதையைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நீ பெர்த்தில் நல்லபடியாகச் சாப்பிட்டுத் தூங்கி, அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சமாளித்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நின்றதால் எதையும் விவரமாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "அப்படி இல்லை ஆர்லீன், நான் சொல்றேன்" என்று நடுவில் நுழைந்தார். இப்போது அவர் வாய்க்காலில் தண்ணீர் திறக்கப் போயிருக்கிறார், வர நேரமாகும், அதனால் எனக்கும் நிதானமாக எழுத முடிகிறது. பீச் மரம் இந்த வருஷம் கிளை ஒடிகிற மாதிரி காய்த்திருக்கிறது, உன் பங்கை ஜாம் போட்டு வைக்கிறேன், எப்படி அனுப்புவது என்று நீதான் சொல்ல வேண்டும்.

வசந்தத்தில் அப்பாவின் இடது காது நுனியில் ஒரு புண் வந்து ஆறாமலே இருந்தது உனக்குத் தெரியும். டாக்டர் பெல்ட்ரான் அதை வெட்டி எடுத்தார், பரவுகிற வகை இல்லை என்றார், அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அப்பாவை உட்கார வைத்துச் சொன்னதைத்தான் உனக்குச் சொல்லவில்லை. "லைல், முப்பது வருஷம் கால்வாய் கம்பெனி டிரக்ல இடது கையை ஜன்னல்ல போட்டுக்கிட்டு சுத்தியிருக்கீங்க, உங்க இடது பக்கம் பூராவும் அந்த வெயில் இருக்கு. இதே மாதிரி போனா அடுத்த தடவை காதுல பாதியை எடுக்க வேண்டியிருக்கும்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். அப்பா உடனே "அப்போ ஜூன்ல ஆத்துல படகுப் பயணம்?" என்று கேட்டார். காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை பார். டாக்டர், அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, நல்ல சன்ஸ்கிரீன், இது மூன்றும் இருந்தால் போகலாம், ஒன்று குறைந்தாலும் வீட்டிலேயே இருக்கலாம் என்றார்.

அந்தப் பயணம் எங்களுக்காக இல்லை, மாக்சின் அத்தைக்காக. ராய் மாமா இறந்துபோனதிலிருந்து இரண்டு வருஷமாக அத்தை நெப்ராஸ்காவில் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். கூப்பிட்டால் போனை எடுப்பாள், "நல்லா இருக்கேன்" என்பாள், வைத்துவிடுவாள். எழுபதாவது பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டபோது, சின்ன வயதில் அப்பாவும் அவளும் போக ஆசைப்பட்ட கிரீன் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும் என்று தானாகச் சொன்னாள். அவள் வாயிலிருந்து வேண்டும் என்ற வார்த்தை வந்தே எவ்வளவு நாளாயிற்று. ஐந்து நாள் பயணத்துக்கு அப்பா அன்றைக்கே பணம் கட்டிவிட்டார். இது ஏதாவது ஒரு காரணத்தால் கெட்டுப்போனால் மறுபடி அவளை வெளியே இழுத்து வர முடியாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் உள்ளூர பயம்.

அதனால் நான் சன்ஸ்கிரீன் விஷயத்தில் விடவில்லை. பெரிய மருந்துக் கடைக்கு இரண்டு பேருமாகப் போனோம். கொரின், அந்தக் கடையில் ஒரு சுவர் முழுக்க அதுதான். அப்பா நேராகப் போய் வெயில் காப்பு எண் நூறு என்று போட்ட பாட்டிலை எடுத்து, "நூறு இருக்கும்போது எதுக்கு அம்பது? ரெண்டு மடங்கு வேலை செய்யுமே, பாதி பூசினாப் போதும்" என்றார். அப்படி இல்லை, முப்பது போட்டதே சுடுகிற கதிரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழைத் தடுத்துவிடும், ஐம்பது தொண்ணூற்றெட்டு, அதற்கு மேலே எண்தான் பெரிதாகிறது, பூசுகிற அளவு குறைந்தால் எந்த எண்ணும் உதவாது என்று டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். தோலைச் சுடுகிற கதிர், உள்ளே போய்க் கெடுக்கிற கதிர் இரண்டையும் தடுக்கும் என்று எழுதியிருக்க வேண்டும், தண்ணீரில் எண்பது நிமிஷம் தாங்கும் என்று இருக்க வேண்டும், அப்படி இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். ஸ்பிரே வாங்கலாம் என்றார், ஆற்றுக் காற்றில் அடித்தால் அது பக்கத்துப் படகுக்காரனுக்குத்தான் போய்ச் சேரும் என்றேன். கடைசியில் நான் துத்தநாகம் கலந்த கெட்டிப் பசை ஒன்றை எடுத்தேன். அப்பா கொஞ்சம் புறங்கையில் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "என்ன ஆர்லீன் இது, வெள்ளை அடிச்ச மாதிரி இருக்கு. இதைப் பூசிக்கிட்டுப் போனா சவப்பெட்டியிலேர்ந்து எழுந்து வந்தவன்னு நினைப்பாங்க" என்றார். அங்கே நின்ற ஒரு பெண் சிரித்துவிட்டாள், அதில் அவருக்கு உற்சாகம் வந்து, தனக்குத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். மூக்குக் கண்ணாடி வண்டியிலேயே இருந்தது. நான் பார்க்கும் முன்பே பணம் கொடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நான் கேட்டதற்கு, "நல்ல வாசனை, ஜில்லுன்னு இருக்கு, ஒட்டலை, எல்லாம் விசாரிச்சுத்தான் வாங்கினேன்" என்றார். யாரை விசாரித்தார் என்று இன்று வரை தெரியாது.

பயணம் கிளம்பிய காலை, படகை ஆற்றில் இறக்குகிற இடத்தில் நான் ஒரு காரியம் மட்டும் செய்தேன். அவர் தலையைப் பிடித்து இரண்டு காதுகளிலும் என் பசையை அப்பினேன். "மூஞ்சி உன் இஷ்டம், காது என் பொறுப்பு" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே காட்டினார். என் முதுகு வலிக்காக என்னைச் சாமான் படகில் மெத்தை மேல் உட்கார வைத்தார்கள். அப்பா, அத்தை, ஓமாஹாவிலிருந்து வந்த நாலு பல் மருத்துவர்கள் எல்லாம் முன்னால் போன படகில். அதை ஓட்டியவள் டாம்சின் என்ற பெண், உன் வயதுதான் இருக்கும், துடுப்பைக் கரண்டி மாதிரி சுழற்றினாள். பின்னாலிருந்து பார்த்தால் அப்பா அடிக்கடி ஒரு பச்சை பாட்டிலை எடுத்துப் பூசிக்கொள்கிறார், அத்தைக்குக் கொடுக்கிறார், பல் மருத்துவர்களுக்கும் நீட்டுகிறார். அவர்கள் கொண்டு வந்தது கண்ணில் வழிந்து எரிந்ததாம், இது ஜில்லென்று இருந்ததும் ஆளுக்கு ஆள் கேட்டு வாங்கினார்கள். தொப்பி காற்றில் போகிறது என்று அதைக் கழற்றி உட்காரும் பலகைக்கு அடியில் செருகியதும் தெரிந்தது, கத்தினேன், கேட்கவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகவே இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு விஷயத்தைக் காதில் வாங்கினாரே என்று சாமான் படகுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். டாம்சினும் இவ்வளவு ஒழுங்கான பயணிகளைப் பார்த்ததே இல்லை என்று பாராட்டினாளாம்.

சாயங்காலம் மணல் கரையில் கூடாரம் போடும்போது பார்த்தால் ஆறு பேரும் தக்காளி. பல் மருத்துவர்களில் ஒருவருக்கு முழங்கால் வீங்கி மடங்கவில்லை. அத்தையின் கால், கழுத்து எல்லாம் ரத்தச் சிவப்பு. அப்பாவின் முகம் மொத்தமும் சிவந்து, இரண்டு பக்கமும் காதுகள் மட்டும் மாவு அப்பின மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றன. "கலப்படம்! கம்பெனி மேல கேஸ் போடணும்!" என்று அவர் குதித்தார். டாம்சின் பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "லைல், இது வெயில்ல போயிட்டு வந்தப்புறம் பூசறது. சோத்துக் கற்றாழையும் வெள்ளரிக்காயும்தான் இருக்கு. வெயிலைத் தடுக்காதுன்னு பெருசாவே எழுதியிருக்கு" என்றாள். அப்பா நாள் முழுக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தவறாமல், ஆறு பேருக்கு வெள்ளரிக்காய் பூசியிருக்கிறார்.

அத்தை காலையிலேயே வீட்டுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லப் போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு அவள் முன்னால் போய் நின்றார். அத்தை அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு சத்தம், இருமல் என்று நினைத்தேன், பார்த்தால் சிரிப்பு. "டேய் லைல், உன்னை நம்பி முதுகைக் காட்டினேனேடா, மடையா" என்று சிரிக்கிறாள், சிரித்தால் தோல் இழுக்கிறது, "ஐயோ அம்மா" என்கிறாள், மறுபடி சிரிக்கிறாள். பல் மருத்துவர்களும் சேர்ந்துகொண்டார்கள், உதடு வெடித்தவர் வாயைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அத்தை, "ராய் போனதிலேர்ந்து உடம்புல எதுவுமே உறைக்கலைடா. இன்னிக்கு உறைக்குது, நல்லா உறைக்குது" என்றாள். அப்பா அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் தண்ணீர் ஓரம் போய்விட்டேன்.

மிச்ச நாலு நாளும் என் பசைதான் ராஜா. நானும் டாம்சினும் காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி மூக்கு, கழுத்துப் பின்பக்கம், பாதத்தின் மேல், வகிடு என்று அப்பினோம். முழுக்கைச் சட்டை இல்லாதவர்கள் தலையணை உறையில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டார்கள். எதிரே வந்த படகுக்காரர்கள் எங்களை ஏதோ மதக் கூட்டம் என்று நினைத்து மரியாதையாகக் கும்பிட்டுப் போனார்கள். ராத்திரிக்கு எரிச்சல் அடங்க எல்லோரும் அந்தப் பச்சை பாட்டிலைத்தான் தேடினோம், நன்றாகவே கேட்டது. அப்பா இப்போது, "இதெல்லாம் முன்கூட்டியே யோசிச்சுத்தான் வாங்கினேன்" என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறார். போன செவ்வாய்க்கிழமை டாக்டர் பெல்ட்ரான் காதைப் பார்த்துவிட்டு நன்றாக ஆறியிருக்கிறது என்றார், முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வெளியே வந்து பேசினார். அவர் பேசியதை எழுதினால் இந்தக் காகிதம் எரிந்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். மாக்சின் அத்தை டிசம்பரில், உங்கள் ஊர்க் கோடையில், உன்னிடம் வருகிறாள். உன்னைக் கேட்டாளா என்று கேட்டேன், "கேட்டா வேணாம்னு சொல்லலாமே, அதான் டிக்கெட்டை வாங்கிட்டேன்" என்றாள். ஒரு மாதம் இருப்பாளாம். கடலில் பலகை மேல் நிற்க முடியாவிட்டாலும் குப்புறப் படுத்தாவது ஒரு அலையில் போக வேண்டுமாம். உன் வீட்டில் ஒரே கட்டில்தானே என்று சொன்னேன். "சோபா போதும் ஆர்லீன், நான் எங்க வீட்டுக்குள்ள இருக்கப்போறேன்?" என்றாள்.

நீ என்றும் நல்ல உடம்போடும் சிரித்த முகத்தோடும் இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்கள் அமையட்டும். உன் காரில் கிடக்கிற பழைய சன்ஸ்கிரீனை இன்றைக்கே குப்பையில் போடு, சூட்டில் கிடந்தால் கெட்டுப்போகும். புதிது வாங்கும்போது மறக்காமல் கண்ணாடி போட்டுக்கொண்டு போ.

ஆசிகளுடனும் முத்தங்களுடனும்,
உன் அம்மா,
ஆர்லீன்.