தொட்டியை உரஞ்சிய நாள்

இன்று காலை பூச்சாடியில் தண்ணீர் மாற்றினேன். உள்ளே விரல் வழுக்கியது. அந்த வழுவழுப்பு உமது நினைவைக் கொண்டுவந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். நாம் இருவரும் விலங்கியல் மாணவிகள். மின்சாரம் இல்லாததால் நுணுக்குக்காட்டியை யன்னல் வெயிலுக்குத் திருப்பி வைத்திருந்தோம். கடற்பஞ்சு ஒன்றைத் துணியில் பிழிந்து தனித்தனி உயிர்க்கலங்களாக்கினீர். மறுநாள் அவை மீண்டும் கூடிக் கட்டியாகியிருந்தன. நான் வியந்து நிற்க, நீர் இன்னொரு கண்ணாடித் துண்டை வைத்தீர். சண்டிலிப்பாயில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பள்ளிக்கூட முகாமின் தண்ணீர்த் தொட்டியில் சுரண்டிய பாசி போன்ற படலம்.

"உது வெறும் ஊத்தை," என்றேன்.

"சொல்லமுன்னம் ஒருக்காப் பாரும்."

பார்த்தேன். பசைக்குள் பக்டீரியாக்கள் குவியல் குவியலாக ஒட்டிக்கிடந்தன.

"ரெண்டும் ஒட்டிக்கொண்டு தண்ணியிலை வாறதைத் திண்டுதான் சீவிக்குது," என்றீர். "ஆனா பஞ்சு ஒரு முட்டையிலை வந்த ஒரே உயிர். உது கன சாதி, ஒண்டுக்கொண்டு சொந்தமில்லை. அந்தப் பசைதான் எல்லாத்துக்கும் கூரை. குளோரின் போட்டாலும் உள்ளை இருக்கிறது தப்பிவிடும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அக்காவும் கைக்குழந்தையும் அந்த முகாமில்தான் இருந்தார்கள். குழந்தைக்கு ஒரு கிழமையாக வயிற்றோட்டம்.

அன்றே சைக்கிளில் போனோம். தொட்டியை வெறுமையாக்க முகாம் பொறுப்பாளர் சம்மதிக்கவில்லை.

"வரிசையிலை நிக்கிற சனத்துக்கு நான் என்ன பிள்ளை சொல்லுறது?"

"ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கோ அண்ணை. நானே இறங்கி உரஞ்சுறன்," என்றீர்.

அவர் ஓம் என்றதும் பாவாடையைச் செருகிக்கொண்டு தேங்காய்த் தும்போடு இறங்கினீர். நான் வெளியே நின்று வாளியை வாங்கினேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனோம். விட்டால் சில கிழமைகளில் படலம் திரும்பவும் படிந்துவிடும் என்பது உமக்குத் தெரிந்திருந்தது. முகாமில் வயிற்றோட்டம் மெல்லக் குறைந்தது. குழந்தை தேறினாள்.

நான் ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் எதையும் ஊத்தை என்று ஒதுக்குமுன் ஒருக்காப் பார்த்தேன். அது நீர் தந்தது. அதற்கு ஒருநாளும் உமக்கு நன்றி சொன்னதில்லை.

போன மாதம் கனடாவிலிருந்து உமது மறைவுச் செய்தி வந்தது. நான் அழுவதைக் கண்ட அக்காவின் மகள், அன்றைய அந்தக் கைக்குழந்தை, "ஆர் சித்தி அவ?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். தன் பிள்ளையைத் தூக்கி மடியில் இருத்திக்கொண்டாள்.

பிறகு, "அவவின்ரை பிள்ளையளின்ரை நம்பர் இருக்கோ? நான் கதைக்கவேணும்," என்றாள்.