கை தெரிந்தால் இடம் தெரியும்

அன்புள்ள அப்பாவுக்கு, பசுபதி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? போனில் என் பேச்சு உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். மதுரையில் கடை நன்றாகவே போகிறது.

நேற்று ஒத்தக்கடை மைதானத்தில் மாநில வாலிபால் அணிக்குக் கடைசி ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். பந்து நம் கடைச் சரக்கு என்பதால் நானும் போயிருந்தேன். வலைக்கு அப்பால் மூலையில் ஒரு கட்டம் போட்டு, எகிறி அடிக்கும் பத்துப் பந்தில் எத்தனை அதற்குள் விழுகிறது என்று எண்ணினார்கள். போட்டியில் மிஞ்சிய இருவரில் கிரீஷுக்கு ஒன்பது, முத்துப்பாண்டிக்கு ஆறு.

எனக்குச் சந்தேகம் வந்தது. பயிற்சியாளரிடம் கேட்டேன்: "சார், எதிரில் தடுக்க ஆளே இல்லையே? பேரம் பேச ஆளில்லாத கடையில் விலை சொல்வது பெரிய விஷயமா?"

"அம்புட்டு சந்தேகம்னா நீங்களே வந்து நில்லுங்கண்ணே" என்றார்.

உயரமான இருவரோடு நானும் கையைத் தூக்கி நின்றேன். இம்முறை கிரீஷுக்கு நான்கு. முத்துப்பாண்டி எங்கள் கைகளைப் பார்த்து ஒதுக்கி அடித்தான், ஏழு விழுந்தது. இடம் அவனுக்கே.

"எதிர்ல கை தெரிஞ்சாத்தாண்ணே எனக்கு இடம் தெரியும்" என்று சிரித்தான்.

ஒரு பந்து என் விரலில் பட்டு லேசான வீக்கம். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்புக்கு ஒன்றுமில்லை. சட்டைப் பொத்தான் போடத்தான் சிரமம். நீங்கள் தேய்க்கும் தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள். கூடவே நாலு வரி திட்டியும் எழுதுங்கள். இங்கே எல்லோருக்கும் நான் அண்ணன். 'டா' போட்டுப் பேச ஒருவரும் இல்லை.

சரக்கு லாரி வந்து ஹாரன் அடிக்கிறது. போகிறேன்.

பசுபதி