பாட்டின் கடைசியில் உன் குரல்

என் வீட்டுக்காரிக்கு,

உன் முதுகுவலி தேவலையா? அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை, உட்கார்ந்தே இருப்பதால் கழுத்துதான் பிடித்துக்கொண்டது.

ஸ்டுடியோவில் ஒன்பது நாளாக ஒரே பாட்டைத்தான் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சேர்ந்திருக்கவும் முடியாமல், பிரியவும் மனம் வராமல் தவிக்கிற ஜோடியைப் பற்றிய ராக் பாட்டு. கடைசியில் கிடார் அடங்கியதும், ஒரு பெண் கோபமாகப் பேசிவிட்டுப் போனை வைக்க வேண்டுமாம். அதற்கு ஆள் கிடைக்கும்வரை நேர அளவு பார்க்கலாமென்று, போன மாதச் சண்டையில் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அங்கே ஒட்டினேன். "நீங்க அங்கயே இருங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாயே, அதுதான். எடுக்க மறந்துவிட்டேன்.

பாடகர் அதைக் கேட்டுவிட்டார். "நடிப்பு மாதிரியே தெரியலையே. யாருங்க இவங்க?"

"என் வீட்டுக்காரி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இப்போது அதுவே இருக்கட்டும் என்கிறார்கள். நீ வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கழுத்துக்குத் தைலம் கொடுத்தனுப்பு. கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

இன்னொன்று. வேலைக்காக "அங்கயே இருங்க" என்பதைத் தினம் நாற்பது தடவை கேட்கிறேன். ஒரு தடவை, "எப்ப வர்றீங்க" என்று பேசி அனுப்பு.